இரண்டு வெள்ளைப் பொடிகள்: ரப்பருக்குள் ஜிங்க் ஆக்சைடும் சிலிக்காவும்

கொச்சியின் சுள்ளிக்கல்லில் சாலையோரம் நின்று பார்த்தால் ரப்பர் இல்லாமல் எதுவும் நகர்வதில்லை என்பது தெரியும். ஆட்டோவுக்கு டயர், சைக்கிளுக்கு டியூப், நடப்பவர் காலில் ஹவாய் செருப்பு, வீட்டுக் குக்கருக்குக் கேஸ்கட். சற்றுத் தள்ளித் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், படகின் விலா உரசாமலிருக்கக் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர்கள். இந்த ரப்பர்ப் பொருள்களில் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். நிறம் எதுவானாலும், கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் என்றால் பெரும்பாலும் அதற்குள் ஒரு வெள்ளைப் பொடி இருக்கும். அது ஜிங்க் ஆக்சைடு. பாடப் புத்தகத் தமிழில் துத்தநாக ஆக்சைடு. வெளிர்நிறச் செருப்படியிலும் இன்றைய பல கார் டயர்களின் மேற்பரப்பிலும் இன்னொரு வெள்ளைப் பொடியும் சேர்கிறது. அது சிலிக்கா.

கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். கையில் எடுத்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஜிங்க் ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.6 மடங்கு; சிலிக்காவினுடையது சுமார் 2 மடங்குதான், அதுவும் பஞ்சுபோல உப்பிக் கிடக்கும். ரப்பருக்குள் போன பிறகு இவற்றின் வேறுபாடு இன்னும் பெரிது. ஜிங்க் ஆக்சைடு வேதிவினையில் இறங்கி வேலை செய்கிறது. சிலிக்கா தன் பரப்பை ரப்பருக்குக் கொடுத்து அதற்கு உறுதி தருகிறது. இரண்டையும் ஒரே கலவையில் போட்டால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கவும் செய்யும். இதைப் புரிந்துகொண்டு கலந்தால் நல்ல ரப்பர் கிடைக்கும். 'ஏதோ ஒரு வெள்ளைப் பொடி' என்று கலந்தால் விலைகொடுத்து வாங்கிய நல்ல ரப்பர் ஷீட்டும் வீணாகும்.

இதைக் கொச்சியிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் வணிக அளவிலான முதல் ரப்பர் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் உருவானது. அதே பெரியாறு கடலை நெருங்கும் எடயாரில் 1967 முதல் பினானி நிறுவனத்தின் துத்தநாக உருக்காலை ஓடி, 2014-இல் மூடப்பட்டது. களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் என்று தொடங்கிய ஆலை 1995-இல் அப்போலோ டயர்ஸின் கைக்கு வந்தது. அதே களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் அறிவியலுக்கும் ரப்பர் தொழில்நுட்பத்துக்கும் ஒரு துறை நடக்கிறது. நாளிதழின் வணிகப் பக்கத்தில் ரப்பர் விலை கோட்டயம், கொச்சி என்ற ஊர்ப்பெயர்களோடுதான் வரும். மரம், உலோகம், ஆலை, படிப்பு, சந்தை எல்லாம் இப்படி ஒரே வட்டாரத்தில் கூடிய இடம் இந்தியாவில் வேறு அதிகமில்லை.

பச்சை ரப்பர் ஏன் போதாது?

மரத்தில் வடித்த பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைபோட்டால் ஷீட் கிடைக்கும். கோட்டயத்தில் ஆனாலும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ஆனாலும் முறை ஒன்றே. இந்த ஷீட்டை அப்படியே செருப்பாக வெட்டிப் போட்டால் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும், இழுத்து விட்டால் முழுதும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. காரணம், ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவே தவிர, பிணைக்கப்படவில்லை. இழுத்தால் வழுக்கி நகர்ந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்களால் குறுக்குப் பிணைப்பு போடுவதே வல்கனைஸ் செய்தல். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் இதைக் கண்டுபிடித்து 1844-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இலேயே பதிவுசெய்துவிட்டார். பிணைப்பு விழுந்த பின் சங்கிலிகள் நீளும், ஆனால் வழுக்கி ஓடாது, விட்டால் திரும்பிவிடும். இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. வெந்த ரப்பரைச் சூடாக்கினாலும் மறுபடி பச்சை ரப்பர் ஆகாது. ஆகவே வேகவைப்பதற்கு முன் கலவையில் என்ன, எப்போது, எவ்வளவு போடுகிறோம் என்பதிலேயே பொருளின் ஆயுள் தீர்மானமாகிறது.

வெறும் கந்தகம் மட்டும் போட்டால் என்ன ஆகும்? நூறு பங்கு ரப்பருக்கு எட்டுப் பங்கு கந்தகம் சேர்த்து 140 டிகிரி செல்சியஸில் வைத்தால் வேக ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஜிங்க் ஆக்சைடு சேர்த்தால் அது மூன்று மணி நேரமாகக் குறையும். அதோடு ஆக்சிலரேட்டர் என்னும் கரிமச் சேர்மத்தை அரைப் பங்கு அளவில் போட்டாலே ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் வேலை முடியக்கூடும். ஆக்சிலரேட்டர்களின் கதை 1906-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஜார்ஜ் ஓன்ஸ்லாகர் அனிலினைச் சோதித்ததிலிருந்து தொடங்குகிறது. இன்று ஒரு பிரஸ்ஸில் சில நிமிடத்துக்கு ஒருமுறை செருப்படிகளை எடுக்க முடிகிறதென்றால் அது இந்த மூவரணியால்தான்: கந்தகம், ஆக்சிலரேட்டர், ஜிங்க் ஆக்சைடு.

ஜிங்க் ஆக்சைடு: பிணைப்பின் தரத்தை மாற்றும் பொடி

ஜிங்க் ஆக்சைடு ரப்பரில் கரையாது. அப்படியிருக்க, கரையாத பொடி எப்படி வினைபுரிகிறது? அதற்காகத்தான் கலவையில் ஸ்டியரிக் அமிலம் சேர்க்கிறார்கள். கொழுப்பிலிருந்து எடுக்கும் இந்த அமிலம் பொடித் துகளின் மேற்பரப்பில் வினைபுரிந்து ஜிங்க் ஸ்டியரேட் என்ற சோப்பாகிறது. அந்தச் சோப்பு ரப்பரில் கரையும். கரைந்த ஜிங்க், ஆக்சிலரேட்டரோடும் கந்தகத்தோடும் சேர்ந்து ஒரு கூட்டுச்சேர்மம் ஆகிறது. சங்கிலியின்மேல் கந்தகத்தைக் கொண்டுபோய் வைப்பது அதுதான்.

வேகத்தைக் கூட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஜிங்க் போதிய அளவில் இருந்தால் ஒரே அளவு கந்தகத்திலிருந்து அதிக எண்ணிக்கையில் பிணைப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு பிணைப்பும் குட்டையாக இருக்கும். ஏழெட்டுக் கந்தக அணுக்கள் வரிசையாக நின்று போட்ட நீண்ட பிணைப்பு சூட்டில் எளிதில் அறும். ஒன்றிரண்டு அணுக்கள் போட்ட குட்டைப் பிணைப்பு சூட்டைத் தாங்கும். இயற்கை ரப்பரை அதிக நேரம் வேகவைத்தால் இறுகுவதற்குப் பதில் மறுபடி இளகத் தொடங்கும். ரிவர்ஷன் என்று தொழிலில் சொல்லும் இந்தக் குறையையும் ஜிங்க் ஓரளவு தடுக்கிறது.

வழக்கமான அளவு நூறு பங்கு ரப்பருக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு. வினை துகளின் மேற்பரப்பில் தொடங்குவதால், அதே எடையில் பரப்பு கூடினால் பயனும் கூடும். துத்தநாக உலோகத்தை ஆவியாக்கிக் காற்றில் எரித்துச் செய்யும் சாதாரண வகையில், ஒரு கிராம் பொடிக்கு மூன்றிலிருந்து பத்துச் சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும். கரைசல் வழியாகச் செய்யும் ஆக்டிவ் வகையில் அது நாற்பதைக்கூடத் தொடும். அதனால் ஆக்டிவ் வகையைக் குறைவாகப் போட்டே அதே வேலையை வாங்க முடிகிறது.

வினைக்குப் போனதுபோக எஞ்சிய ஜிங்க் ஆக்சைடு துகளாகவே வெந்த ரப்பருக்குள் தங்கிவிடும். ஒரு பகுதி கந்தகத்தோடு சேர்ந்து ஜிங்க் சல்ஃபைடாகவும் மாறும். எஞ்சிய துகள்கள் ரப்பரை அவ்வளவாக வலுப்படுத்தாது. ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ரப்பர் வெப்பத்தை எளிதில் விடாத பொருள். தடித்த ரப்பரில் மேல்பகுதி வெந்தபின்னும் உள்பகுதி பச்சையாக நிற்கும். தடித்த உறுப்புகளிலும் அதிர்வு தாங்கும் மவுண்ட்களிலும் சிலர் ஜிங்க் ஆக்சைடைக் கூடுதலாகப் போடுவதற்கு இது ஒரு காரணம்.

ஒருகாலத்தில் ஜிங்க் ஆக்சைடை நிரப்பியாகவே பெரும் அளவில் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மோட்டார் டயர்கள் வெளிர்நிறமாக இருந்தன. 1898-இல் பிறந்த மிஷலின் பொம்மை மனிதன் டயர்களால் ஆன உடம்போடும் வெள்ளையாக இருப்பதை நினைத்துப் பார்க்கலாம். 1904-இல் லண்டனின் சில்வர்டவுன் ஆலையில் எஸ். சி. மோட், கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூளின் வலுவூட்டும் திறனைக் கண்டறிந்தபின் நிலைமை மாறியது. டயர் கறுத்தது. நிரப்பி என்ற பதவியை ஜிங்க் ஆக்சைடு இழந்தது. வினையூக்கத் துணை என்ற பதவி மட்டும் அதனிடமே நிலைத்தது.

சிலிக்கா: பரப்பே அதன் பலம்

முதலில் ஓர் எச்சரிக்கை. சிலிக்கா என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, மணலை அல்லது குவார்ட்ஸ் கல்லை அரைத்த தூள். அது படிக வடிவம், துகள் பெரிது, ரப்பருக்கு வலு தராது. அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். மற்றது, சோடியம் சிலிகேட் கரைசலில் அமிலம் சேர்த்து வீழ்படிவாக்கிய சிலிக்கா. இது படிகமற்றது, அடிப்படைத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் சில பங்கு அளவே கொண்டவை. ரப்பருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. எதைக் கையாண்டாலும் முகக்கவசம் அவசியம். முதல் வகையில் அதைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவது.

இந்தச் சிலிக்காவின் பலம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். செருப்படிக்கு உகந்த ஒரு மாதிரிக் கலவையை எடுத்துக்கொள்வோம்: இயற்கை ரப்பர் 100 கிராம், ஜிங்க் ஆக்சைடு 5 கிராம், ஸ்டியரிக் அமிலம் 2 கிராம், சிலிக்கா 40 கிராம், கந்தகம் 2.5 கிராம், தேவையான ஆக்சிலரேட்டர்.

இதில் ரப்பர் அடைக்கும் இடம் சுமார் 109 மில்லி லிட்டர். சிலிக்கா 20 மில்லி லிட்டர். ஜிங்க் ஆக்சைடு ஒரு மில்லி லிட்டர்கூட வராது. இவ்வளவு சிறிய இடத்தில் நிற்கும் பொருள் பருமனால் எதையும் தாங்கிப் பிடிக்க முடியாது. அது வேதியியலால்தான் வேலை செய்கிறது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

இனிப் பரப்பு. ஜிங்க் ஆக்சைடு ஒரு கிராமுக்கு 5 சதுர மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 25 சதுர மீட்டர். சிலிக்கா ஒரு கிராமுக்கு 175 சதுர மீட்டர் என்று வைத்தால் 40 கிராமுக்கு 7,000 சதுர மீட்டர். ஒரு கால்பந்து மைதானம் ஏறத்தாழ அவ்வளவுதான். அத்தனை பெரிய பரப்பு, ஒரு ஜோடிச் செருப்புக்குள் மடிந்து கிடக்கிறது. ரப்பர்ச் சங்கிலிகள் அந்தப் பரப்பில் படிந்து பற்றிக்கொள்வதால் கிழிசல் பரவ இடையூறு உண்டாகிறது, தேய்மானம் குறைகிறது, இழுப்புக்கு எதிர்ப்பு கூடுகிறது.

இயற்கை ரப்பரைப் பொறுத்தவரை ஒரு நுட்பமும் உண்டு. அதை இழுக்கும்போது சங்கிலிகள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாகும். அதனால் நிரப்பி எதுவும் போடாமலே அதன் இழுவலிமை 20 மெகாபாஸ்கலுக்கு மேல் நிற்கும். எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பருக்கு அந்தக் குணம் கிடையாது. நிரப்பி இல்லாமல் அது இரண்டு மூன்று மெகாபாஸ்கலிலேயே அறுந்துவிடும். நல்ல நிரப்பி சேர்த்தால் பல மடங்கு கூடும். ஆகவே நம் மரத்து ரப்பருக்குச் சிலிக்கா சேர்ப்பதன் முதல் நோக்கம் இழுவலிமை அல்ல. கடினம், கிழிதல் எதிர்ப்பு, தேய்மான எதிர்ப்பு ஆகியவையே. இழுத்துப் பார்த்து மட்டும் ரப்பரை எடைபோடுகிறவர் இந்த ஆதாயத்தைக் காணாமலே போய்விடுவார்.

இரண்டும் ஒரே கலவையில்

சிலிக்காவுக்குப் பரப்பு பலம் என்றேன். சிக்கலும் அங்கேதான். அந்தப் பரப்பு முழுவதும் சிலனால் எனப்படும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. அவை நீரை விரும்புபவை. ரப்பரோ எண்ணெய்க் குணம் கொண்டது. இதனால் மூன்று தொல்லைகள் வருகின்றன.

முதலாவது, சிலிக்காத் துகள்கள் ரப்பரைவிட ஒன்றையொன்றே அதிகம் நாடும். கட்டி கட்டியாகச் சேர்ந்து கலவையைக் கெட்டிப்படுத்தும். உருளையில் இழுக்கவே சிரமமாகும். வைத்திருந்தால் இன்னும் இறுகும்.

இரண்டாவது ஈரம். சிலிக்கா காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். மூட்டையிலேயே ஐந்தாறு சதவிகிதம் ஈரம் இருப்பது சாதாரணம். காயலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சுள்ளிக்கல் போன்ற ஊரில், மழைக்காலத்தில் திறந்துவைத்த மூட்டை இன்னும் வேகமாக நனையும். அந்த ஈரம் பிரஸ்ஸில் ஆவியாகிப் பொருளுக்குள் நுண்துளைகளை உண்டாக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். சிலிக்காவின் பரப்பு ஆக்சிலரேட்டரையும் கரைந்த ஜிங்க்கையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே போட்ட கணக்கை நினையுங்கள்: ஜிங்க் ஆக்சைடின் பரப்பு 25, சிலிக்காவின் பரப்பு 7,000. இத்தனை பெரிய பரப்பு எதிரே விரிந்து கிடக்கும்போது, கந்தகத்தோடு சேர வேண்டிய ஜிங்க்கில் ஒரு பகுதி அங்கே போய் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. விளைவு, ரப்பர் மெதுவாக வேகும், பிணைப்புகள் குறையும். சிலிக்காவைக் கூட்டிய ஒருவர் பழைய நேரக் கணக்கிலேயே மோல்டைத் திறந்தால் கையில் வருவது வேகாத ரப்பர். கார்பன் பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் கறுப்பு ரப்பரில் அனுபவம் பெற்றவர்கள் வெள்ளை ரப்பருக்கு மாறும்போது திணறுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. டை எத்திலீன் கிளைக்கால், பாலி எத்திலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தால் அவை சிலிக்காவின் பரப்பில் முதலில் போய் அமர்ந்துகொள்ளும். ஜிங்க்கும் ஆக்சிலரேட்டரும் விடுபட்டுத் தம் வேலையைச் செய்யும். டை பீனைல் குவானிடின் போன்ற இரண்டாம் ஆக்சிலரேட்டரைச் சேர்ப்பதும் இதே நோக்கத்தோடுதான். நம் மாதிரிக் கலவையில் ஒன்றிரண்டு கிராம் கிளைக்கால் சேர்த்தாலே வேகும் நேரம் கண்கூடாக மாறும்.

சிலேன் செய்த மாற்றம்

கிளைக்கால் பரப்பை மூடும். ஆனால் சிலிக்காவை ரப்பரோடு கட்டாது. கட்டுவதற்கு வந்தது சிலேன் என்ற சேர்மம். அதன் ஒரு முனை சிலிக்காவின் சிலனாலோடு வினைபுரியும். மறுமுனையில் உள்ள கந்தகம், வேகும்போது ரப்பர்ச் சங்கிலியோடு பிணையும். துகளுக்கும் ரப்பருக்கும் நடுவே உண்மையான வேதிப்பிணைப்பு உருவாகிவிடுகிறது.

இதைப் பயன்படுத்தி மிஷலின் நிறுவனம் 1992-இல் சிலிக்கா டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பசுமை டயர் என்று பெயர் வரக் காரணம் எரிபொருள் சேமிப்பு. டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. உள்ளே நிரப்பித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வலை ஒவ்வொரு முறையும் உடைந்து மறுபடி சேர்கிறது. உடைக்கச் செலவான ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. 1960-களில் ஏ. ஆர். பெய்ன் விரிவாக ஆராய்ந்ததால் இது பெய்ன் விளைவு எனப்படுகிறது. சிலேன் சிலிக்காத் துகள்களைப் பிரித்து ரப்பரோடு கட்டிவிடுவதால் அந்த வலை மெலிகிறது, வெப்பம் குறைகிறது. உருளுவதற்கான எதிர்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய, ஈரச் சாலையில் பிடிப்பும் நன்றாக அமைந்தது. வேறொரு பிரச்சினை மட்டும் முளைத்தது. சிலிக்கா மின்சாரம் கடத்தாது. வண்டியில் சேரும் நிலைமின்னூட்டம் தரைக்கு இறங்க, டயரின் மேற்பரப்பில் கார்பன் பிளாக் கலந்த மெல்லிய பட்டை ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று.

சிலேன் வேலைசெய்ய வெப்பநிலை சரியாக அமைய வேண்டும். கலக்கும்போது சுமார் 140 முதல் 155 டிகிரி வரை எட்டினால்தான் அது சிலிக்காவோடு முழுமையாக வினைபுரியும். அதைவிட மிகவும் ஏறினால் அதிலுள்ள கந்தகம் விடுபட்டு, கலக்கும் இயந்திரத்திலேயே ரப்பர் இறுகத் தொடங்கும். வினையில் எத்தில் ஆல்கஹாலும் வெளிப்படும். அது வெளியேற வழி வேண்டும். இங்கேதான் ஜிங்க் ஆக்சைடின் வரிசை முக்கியமாகிறது. சிலேன் வினைபுரிந்து முடிவதற்கு முன்பே ஜிங்க் சேர்த்தால், அதுவும் அதே சிலனால் இடங்களுக்குப் போட்டியிடும். ஆகவே பெரிய ஆலைகள் பலவற்றில் முதல் கட்டத்தில் ரப்பரும் சிலிக்காவும் சிலேனும். அடுத்த கட்டத்தில் ஜிங்க் ஆக்சைடு. கடைசியில், ஆறிய கலவையில், கந்தகமும் ஆக்சிலரேட்டரும்.

திறந்த உருளை மில்லில் கலக்கும் சிறு பட்டறையில் அந்த 140 டிகிரியை எட்டுவது நடைமுறையில் முடியாது. விலை அதிகமான சிலேனை அங்கே ஊற்றினால் முழுப்பயன் வராது. அங்கே கிளைக்கால் வழியே பொருத்தம். இன்னொரு வழியும் உண்டு: எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரைச் சிறிது சேர்ப்பது. அது சிலிக்காவோடு தானாகவே பற்றிக்கொள்ளும். கோட்டயத்தில் 1955-இல் தொடங்கிய இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் இதையும் ஆராய்ந்திருக்கிறது.

எந்தப் பொருளுக்கு எது?

ஆட்டோ, பஸ், லாரி டயரின் மேற்பரப்புக்கு முதன்மை நிரப்பி கார்பன் பிளாக். கல் குத்திப் பிய்யும் சுரங்க வண்டி டயர்களில் அதோடு பத்து இருபது பங்கு சிலிக்கா சேர்ந்தால் கிழிதல் எதிர்ப்பு கூடும். இரண்டிலும் ஜிங்க் ஆக்சைடு வழக்கமான அளவில் உண்டு. கார் டயரில் எரிபொருள் சேமிப்பு வேண்டுமானால் சிலிக்காவும் சிலேனும்.

வெளிர்நிறச் செருப்படிக்கும் ஷூ அடிக்கும் கார்பன் பிளாக் ஆகாது. தேய்மானம் தாங்க வேண்டுமானால் வீழ்படிவுச் சிலிக்காதான் வேண்டும். சைனா களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் விலையைக் குறைக்கும், உறுதியைத் தராது. மலிவான செருப்பின் குதிகால் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாவதற்கு இந்த மாற்று ஒரு முக்கியக் காரணம்.

நியோப்ரீன் எனப்படும் குளோரோப்ரீன் ரப்பரில் ஜிங்க் ஆக்சைடின் பங்கு இன்னும் பெரிது. அங்கே கந்தகத்துக்கு வேலை குறைவு. மெக்னீசியம் ஆக்சைடோடு சேர்ந்து ஜிங்க் ஆக்சைடே பிணைப்பைப் போடுகிறது.

ரப்பர்ப் பொருளை அளவால் விற்கிறோம், மூலப்பொருளை எடையால் வாங்குகிறோம். வெள்ளை நிறம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஜிங்க் ஆக்சைடை அள்ளிப்போட்டால் பொருள் கனக்கும், காசு கரையும், வலுவும் கூடாது. நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது.

தண்ணீரில் இறங்கும் ஜிங்க்

ஜிங்க் ஆக்சைடைக் குறைக்க வேண்டும் என்பதற்குச் செலவைவிட வலுவான காரணம் தண்ணீர். மனித உடலுக்குத் துத்தநாகம் சிறிதளவு தேவை. ஆனால் நீரில் கரைந்த துத்தநாகம் பாசிக்கும் மீன்குஞ்சுக்கும் சிறு உயிர்களுக்கும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் ஜிங்க் ஆக்சைடை நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலத் தீங்கு செய்யும் பொருளாகவே வகைப்படுத்தியிருக்கிறது. டயரின் எடையில் ஜிங்க் ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு சதவிகிதம். டயர் தேய்ந்து உதிரும் தூசியை மழை அடித்துக்கொண்டு போய் ஓடையில் சேர்க்கிறது. மேற்குக் கொச்சியில் ஓடைகள் காயலில் போய் முடிகின்றன. அந்தக் காயலை நம்பி மீன் பிடிப்பவர்கள் இங்கேயே வாழ்கிறார்கள்.

ஜிங்க்கை முழுவதும் விட்டுவிட இன்றைய தொழில்நுட்பத்தில் எளிய வழி இல்லை. குறைக்க வழி உண்டு. ஐந்து பங்கு சாதாரண வகைக்குப் பதில், பரப்பு கூடிய ஆக்டிவ் வகையை இரண்டு மூன்று பங்கு போட்டுச் சோதிக்கலாம். ஜிங்க்கை நுண்துகளாகச் சிலிக்காவின் மேலேயே ஏற்றிவைக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ரப்பருக்குள் போட்டியிடும் இரண்டு பொடிகளையும் ஒன்றாக்கிப் பயன்கொள்ளும் முயற்சி அது.

சிலிக்காவின் பக்கம் நமக்கு நல்ல செய்தி இருக்கிறது. நெல் உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. 2014-இல் குட்இயர் நிறுவனம் உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை டயரில் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. தஞ்சையிலும் பாலக்காட்டிலும் அரிசி ஆலைகள் குவிக்கும் சாம்பலுக்கு இது மதிப்பான வழி. அதிகச் சூட்டில் எரித்தால் மட்டும் அது படிக வடிவத்துக்கு மாறி, வலுவும் தராது, நுரையீரலுக்கும் கெடுதலாகும். எரிக்கும் முறையில் கட்டுப்பாடு வேண்டும்.

பட்டறைக்காரர் கேட்க வேண்டியவை

சிறிய பட்டறை நடத்துபவர் மூட்டை வாங்கும்போது மூன்று கேள்விகள் போதும். பரப்பு எவ்வளவு? ஒரு கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற எண் சோதனைச் சான்றிதழில் இருக்கும். ஜிங்க் ஆக்சைடானால், தூய்மை எவ்வளவு, ஈயம் எவ்வளவு? சிலிக்காவானால், வீழ்படிவா, அரைத்த கல்லா, ஈரம் எத்தனை சதவிகிதம்?

கலக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. சிலிக்காவை ஒரேயடியாகக் கொட்டாமல் பகுதி பகுதியாகச் சேர்த்து, கிளைக்காலை அதோடேயே கொடுக்கவும். கந்தகத்தையும் ஆக்சிலரேட்டரையும் கடைசிக்கு வைக்கவும். ஒரு பொடியின் வகையோ அளவோ மாறினால், பழைய வேகும் நேரத்தை நம்பாமல் ரியோமீட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும். அந்த இயந்திரம் சில நிமிடங்களில், ரப்பர் எப்போது இறுகத் தொடங்குகிறது, எப்போது முக்கால்வாசிக்கும் மேல் வெந்துவிடுகிறது, எப்போது மறுபடி இளகுகிறது என்பதை ஒரே வரைகோட்டில் காட்டிவிடும். கோட்டயத்தில் ரப்பர் வாரியத்தின் ஆய்வகமும் இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்கிறது.

ஷீட்டின் விலை உலகச் சந்தையில் ஏறி இறங்குவதை ஒரு விவசாயியோ ஒரு பட்டறையோ தடுக்க முடியாது. ஆனால் ஒரு கிலோ ஷீட் எத்தனை மாதம் உழைக்கும் செருப்பாகும் என்பது கலக்குபவரின் கையில் இருக்கிறது. விடியலுக்கு முன் மரத்தடியில் நின்று பால் வடித்தவரின் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அந்த ரப்பரை அரைகுறையாக வேகவிடாமல், கண்டதையும் கலக்காமல், அறிந்து கலப்பதுதான். அதற்கு வேண்டிய அறிவு பெரும்பாலும் இந்த இரண்டு வெள்ளைப் பொடிகளைச் சுற்றியே இருக்கிறது. அது கடினமானதும் அல்ல. யாருக்கும் மறைக்கப்பட்டதும் அல்ல.